"நான்" என்பது எது? பெண்ணாடத்துப் பிள்ளை சொன்ன ஏழு பதில்

"என் கை வலிக்கிறது" என்கிறோம். "என் கால் மரத்துப் போயிற்று" என்கிறோம். "இன்று என் உடம்பே சரியில்லை" என்கிறோம்.

"என் வீடு" என்றால் வீடு வேறு, நான் வேறு. "என் மாடு" என்றால் மாடு வேறு, நான் வேறு.

அப்படியானால் "என் உடம்பு" என்று சொல்கிற ஆள் யார்? அவன் எங்கே இருக்கிறான்? அவனை யாராவது பார்த்தது உண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி, உலகத்தின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் இன்றும் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். ஆனால் சுமார் 800 வருஷங்களுக்கு முன்பே, தமிழ்நாட்டில் ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டார். நாலே வரியில் ஏழு பதில் சொன்னார்.

அவர் பிறந்த ஊர் பெண்ணாடம்.

தூங்கும் யானை

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தில் இருந்து அரியலூர் போகும் ரெயில் பாதையில் இருக்கிறது பெண்ணாடம். பக்கத்தில் வெள்ளாறு. சுற்றிலும் நெல்லும் கரும்பும். சைவர்களின் பாடல் பெற்ற தலம். திருஞான சம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடியிருக்கிறார்கள்.

பழைய பெயர் பெண்ணாகடம். தேவலோகத்துப் பெண்களும், பசுவாகிய காமதேனுவும், யானையாகிய ஐராவதமும் வந்து பூசித்த ஊர் என்று கதை. பெண், ஆ, கடம் என்ற மூன்றும் சேர்ந்து பெண்ணாகடம் ஆயிற்றாம்.

இங்குள்ள பிரளயகாலேசுவரர் கோவிலுக்கு "தூங்கானை மாடம்" என்று பெயர். கருவறையின் பின்புறம், படுத்துத் தூங்கும் யானையின் முதுகு போல வளைந்து இருக்கும். தூக்கத்தை வைத்தே ஒரு பெரிய வாதம் செய்தவர் பிறந்த ஊரில், கோவிலும் தூங்கும் யானையாக இருப்பது வேடிக்கையான பொருத்தம்தான்!

ஏட்டில் கயிறு

13-ம் நூற்றாண்டு. பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளர் என்ற பெரியவர் வாழ்ந்தார். செல்வத்துக்குக் குறை இல்லை. பிள்ளை இல்லாததுதான் குறை.

அவர் தம் குலகுருவிடம் போய் முறையிட்டார். குருவின் பெயர் சகலாகம பண்டிதர். ஆகமங்கள் எல்லாம் படித்தவர் என்பதால் அந்தப் பெயர்.

பண்டிதர் தேவார ஏட்டை எடுத்துப் பூசித்தார். ஒரு கயிற்றை ஏட்டின் நடுவே விட்டுப் பிரித்துப் பார்த்தார். திருவெண்காட்டைப் பற்றிய சம்பந்தர் பாட்டு வந்தது. அங்கே உள்ள மூன்று குளங்களில் குளித்து வழிபட்டால் பிள்ளை பிறக்கும் என்று அந்தப் பாட்டு சொல்கிறது.

களப்பாளரும் அவர் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போனார்கள். பிள்ளை பிறந்தது. திருவெண்காட்டுக்கு வடமொழியில் சுவேதவனம் என்று பெயர். ஆகவே பிள்ளைக்கு "சுவேதவனப் பெருமாள்" என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளையை அதன் மாமன் திருவெண்ணெய்நல்லூருக்கு எடுத்துப்போய் வளர்த்தார். அங்கே பரஞ்சோதி முனிவர் என்பவர் அந்தச் சிறுபிள்ளைக்கு உபதேசம் செய்தார். "மெய்கண்டான்" என்று புதுப் பெயரும் கொடுத்தார். உண்மையைக் கண்டவன் என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளைதான் மெய்கண்ட தேவர். அவர் எழுதிய நூல் "சிவஞான போதம்." மொத்தம் 12 சூத்திரங்கள். வரிகள் 40. ஒரு தாளில் அடங்கிவிடும்! அதை விளக்க அவரே 81 வெண்பாக்கள் எழுதினார். பிறகு வந்தவர்கள் எழுதிய உரைகளோ அலமாரி கொள்ளாது. 18-ம் நூற்றாண்டில், திருவாவடுதுறை மடத்துச் சிவஞான முனிவர் எழுதிய "மாபாடியம்" அவற்றில் மிகப் பெரியது.

(இந்த 12 சூத்திரங்களும் வடமொழியில் இருந்து வந்தவையா, தமிழிலேயே பிறந்தவையா என்று புலவர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. அது இருக்கட்டும்.)

அந்த நூலின் மூன்றாம் சூத்திரம்தான் இங்கே விஷயம். உயிர் என்று ஒன்று உண்டா? உண்டு என்றால் அது எது? இதுதான் அதில் உள்ள வழக்கு.

வெற்றிலை வாதம்

முதலில் எதிர்க்கட்சி சொல்வதைக் கேட்க வேண்டும்.

"உயிராவது, ஒன்றாவது! எல்லாம் உடம்புதான்" என்று சொன்னவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்கு உலகாயதர் என்று பெயர். அவர்கள் சொன்ன உதாரணம் மிகவும் கெட்டிக்காரத்தனமானது.

வெற்றிலை பச்சை. சுண்ணாம்பு வெள்ளை. பாக்கிலும் அந்தச் சிவப்பு இல்லை. மூன்றையும் சேர்த்து மென்றால் வாய் எப்படிச் சிவக்கிறது? சிவப்பு எங்கிருந்து வந்தது? சேர்க்கையில் இருந்து வந்தது. அது போல மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவை சரியான அளவில் சேர்ந்தால் அறிவு தானாக உண்டாகும். சேர்க்கை கலைந்தால் அறிவும் போய்விடும். அவ்வளவுதான்!

மணிமேகலையிலும் இந்தக் கட்சிக்காரர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பூதவாதி என்று பெயர். பூவையும் வெல்லத்தையும் சேர்த்து ஊற வைத்தால் போதை பிறக்கிறதே, அறிவும் அப்படிப் பிறப்பதுதான் என்பது அவர் வாதம். கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டேன் என்பார். "அப்படியானால் உம் தாய் தந்தையரை எப்படி அறிந்தீர்?" என்று மணிமேகலை மடக்கி விடுகிறாள்.

ஆனாலும் வெற்றிலை வாதம் லேசானது அல்ல. மெய்கண்டாரின் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். கையில் ஒட்டும் களிமண்ணில் பளபளப்பு உண்டா? கண்ணீர் என்று ஒலிக்கும் கெட்டித்தன்மை உண்டா? இல்லை. ஆனால் மண்ணைப் பக்குவம் செய்து, மெருகு பூசி, சூளையில் வேக வைத்தால் இரண்டும் வந்து விடுகின்றன.

இன்றைய மூளை விஞ்ஞானிகளில் பலர் பேசுவதும் ஏறக்குறைய இதே வாதம்தான். மனிதனின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லுக்கு அறிவு இல்லை. கோடிக்கணக்கில் சேர்ந்து வேலை செய்யும்போது அறிவு வருகிறது என்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். கோப்பை பளபளக்கிறது, பளபளப்பது அதற்குத் தெரியாது. வாய் சிவக்கிறது, சிவப்பைப் பார்த்துச் சிரிப்பவள் கண்ணாடி முன் நிற்கும் பெண். பார்க்கிற அந்த "ஆள்" எப்படி வந்தாள்?

இங்கேதான் மெய்கண்டார் வாதத்தைத் தொடங்குகிறார்.

"இல்லை" என்றவன் யார்?

முதல் பதில் இது. "கையும் நான் இல்லை, காலும் நான் இல்லை. தேடிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஆகவே உயிர் என்று எதுவும் இல்லை" என்று ஒருவன் சொல்கிறான். சரி. "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, அவன் இருக்கிறான் அல்லவா? அதுதான் உயிர்!

வீட்டுக்குள் இருந்து கொண்டே "வீட்டில் யாரும் இல்லை" என்று குரல் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்தக் குரலே காட்டிக் கொடுத்து விடுகிறது.

பிரான்சு நாட்டவரான டேகார்ட் என்ற தத்துவ ஞானி 1637-ல் ஒரு நூல் வெளியிட்டார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்தார். "சந்தேகப்படுகிற நான் ஒருவன் இருப்பதை மட்டும் சந்தேகப்பட முடியவில்லை" என்ற முடிவுக்கு வந்தார். மேல்நாட்டின் புதிய தத்துவமே இதில் இருந்து தொடங்கியது என்பார்கள். பெண்ணாடத்துக்காரர் அதே வழியில் அவருக்குச் சுமார் நானூறு வருஷம் முன்னால் போயிருக்கிறார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை.

ஏழு பதில்களில் இதுதான் அசைக்க முடியாதது.

இல்லாத கை வலித்தது

இரண்டாவது பதில் நமக்குத் தெரிந்ததுதான். "என் உடம்பு" என்கிறோம். ஆகவே உடம்பு வேறு, நான் வேறு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை உடனே ஒப்புக்கொள்ள முடியுமா? "என் உயிர் போகிறது" என்றும்தான் சொல்கிறோம். அப்படியானால் உயிரும் வேறு, நானும் வேறா? வெறும் பேச்சு வழக்கை வைத்து இவ்வளவு பெரிய விஷயத்தைத் தீர்மானிக்க முடியாது. ஏழில் கொஞ்சம் பலவீனமானது இது.

ஆனாலும் இதற்கு எதிர்பாராத இடத்தில் இருந்து ஒரு புது வெளிச்சம் கிடைத்திருக்கிறது.

வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற தமிழர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் சாண்டியாகோ நகரில் மூளை ஆராய்ச்சி செய்து உலகப் புகழ் பெற்றார். விபத்திலோ நோயிலோ கையை இழந்தவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களுடைய புகார் விசித்திரமானது. இல்லாத கை வலிக்கிறது! விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டு இருக்கிறது. பிரிக்க முடியவில்லை!

ராமச்சந்திரன் ஒரு பெட்டி செய்தார். நடுவில் ஒரு கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடி முன் வைத்தால், போன கை திரும்பி வந்தது போலத் தெரியும். நல்ல கையை மெல்ல விரிக்கச் சொன்னார். கண்ணாடியில் "போன கை"யும் விரிந்தது. சிலருக்கு அந்த நிமிஷமே இறுக்கம் தளர்ந்தது. வலி குறைந்தது. செலவு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி!

"என் கை" என்ற எண்ணம் கை போன பிறகும் போகவில்லை. அது சதையில் இல்லை, மூளை வைத்திருக்கும் சித்திரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. உடம்பு வேறு, "என் உடம்பு" என்ற உணர்வு வேறு. மெய்கண்டார் கட்சிக்கு இது சாதகம். ஆனால் அந்தச் சித்திரமும் மூளை என்ற உடம்பில்தானே இருக்கிறது என்று எதிர்க்கட்சி கேட்கும். அதுவும் நியாயம்.

ஒரு மாம்பழம், ஐந்து சாட்சிகள்

மூன்றாவது பதில். கண் பார்க்கும், கேட்காது. காது கேட்கும், பார்க்காது. மூக்குக்கு ருசி தெரியாது. நாக்குக்கு நிறம் தெரியாது.

ஒரு மாம்பழத்தை எடுத்துக் கொள்ளுங்கள். மஞ்சள் நிறத்தைக் கண் சொன்னது. வாசனையை மூக்கு சொன்னது. இனிப்பை நாக்கு சொன்னது. வழவழப்பைக் கை சொன்னது. இந்தச் சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை! அப்படியிருக்க, "எல்லாம் ஒரே மாம்பழம்தான்" என்று தீர்ப்புச் சொன்னது யார்? ஐந்தையும் அறிகிற ஒருவன் வேண்டும்.

இதே கேள்வியைத்தான் இன்றைய மூளை ஆராய்ச்சியாளர்கள் "பிணைப்புப் புதிர்" என்கிறார்கள். கண் பார்ப்பது கூட மூளைக்குள் ஒரே வேலை அல்ல. நிறத்துக்கு ஒரு பகுதி, அசைவுக்கு ஒரு பகுதி என்று பிரிந்து கிடக்கிறது.

ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு நோயினால் மூளையில் அசைவைக் காணும் பகுதி மட்டும் கெட்டுப்போயிற்று. அதைப் பற்றி 1983-ல் டாக்டர்கள் எழுதினார்கள். அவர் நிறங்களைப் பார்ப்பார். முகங்களைப் பார்ப்பார். ஆனால் கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டி போல உறைந்து நிற்பதாகத் தெரியும். எப்போது நிறைந்தது என்று தெரியாமல் வழிந்து விடும். தெருவில் வரும் மோட்டார் தூரத்தில் இருக்கும். அடுத்த கணம் பக்கத்தில் இருக்கும்!

இத்தனை துண்டுகளும் நமக்குள் எப்படி ஒரே காட்சியாகச் சேருகின்றன? இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

நாலாவது பதில் கனவைப் பற்றியது. கனவில் ஐந்து புலன்களும் அடங்கி விடுகின்றன. ஆனாலும் நாம் ஓடுகிறோம், விழுகிறோம், அழுகிறோம். காலையில் எழுந்து "ராத்திரி ஒரு கனவு கண்டேன்" என்று சொல்கிறோம். கனவையும் கண்டு, நனவையும் கண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுகிறவன் அந்த இரண்டுக்கும் வேறானவன்தானே?

மூச்சு ஓடுகிறது, ஆள் எங்கே?

ஐந்தாவது பதில்தான் இன்று வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கண்ணீரோடு பேசப்படும் விஷயம்.

"மூச்சுதான் உயிர்" என்று பலர் நினைக்கிறோம். "மூச்சு நின்றுவிட்டது" என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். மெய்கண்டார் இதை மறுக்கிறார். நன்றாகத் தூங்குகிறவனைப் பாருங்கள். மூச்சு சீராக ஓடுகிறது. ஆனால் அவனுக்குச் சாப்பாட்டு ருசி தெரியுமா? வேலை செய்வானா? பெயர் சொல்லி அழைத்தால் தெரியுமா? இல்லை. மூச்சுதான் உயிர் என்றால், மூச்சு இருக்கும்போதெல்லாம் அறிவும் இருக்க வேண்டும். ஆகவே மூச்சு வேறு, அறிகிறவன் வேறு.

800 வருஷத்துக்கு முன் இது திண்ணை வாதம். இன்று சட்டமே வந்துவிட்டது!

மூச்சுக் கருவியை மாட்டினால் மார்பு ஏறி இறங்கும். இதயம் துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும். ஆனால் மூளைத் தண்டு உட்பட மூளை முழுவதும் செத்துப்போயிருக்கலாம். அந்த நிலையை "மூளைச் சாவு" என்கிறார்கள். அதை மரணம் என்று 1994-ல் இந்தியாவின் உறுப்பு மாற்றுச் சட்டம் ஏற்றுக் கொண்டது.

2008-ல் தமிழ்நாட்டில் ஒரு சம்பவம் நடந்தது. விபத்தில் அடிபட்ட 15 வயதுப் பையன் மூளைச் சாவு அடைந்தான். தாயும் தந்தையும் டாக்டர்கள். மகனின் மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "இவன் இப்போது இதில் இல்லை" என்று முடிவு செய்யும் துணிவு அவர்களுக்கு வந்தது. அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போயிற்று. அதன் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகமாகப் பரவியது.

ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு.

இங்கிலாந்தில் 23 வயதுப் பெண் ஒருத்தி 2005-ல் மோட்டார் விபத்தில் சிக்கினாள். இவளுக்கு மூளைச் சாவு இல்லை. தானாக மூச்சு விட்டாள். கண் திறந்தாள், மூடினாள். ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. தொட்டால் திரும்பவில்லை. ஐந்து மாதம் ஆயிற்று. அவளுக்கு உணர்வே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானி அவளை மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்தார். "டென்னிஸ் ஆடுவது போல நினைத்துக் கொள்ளுங்கள்" என்றார். நல்ல மனிதர்களுக்கு எந்த இடம் வேலை செய்யுமோ, அவளுக்கும் மூளையில் அதே இடம் வேலை செய்தது! "உங்கள் வீட்டில் அறை அறையாக நடப்பது போல நினையுங்கள்" என்றார். அதற்கு உரிய வேறு இடம் வேலை செய்தது.

உள்ளே ஆள் இருந்தாள். கேட்டுக்கொண்டு இருந்தாள். சொல்லத்தான் முடியவில்லை. 2006-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

படுக்கையில் கிடக்கிறவரைப் பார்த்து "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று எத்தனை பேர் பக்கத்திலேயே நின்று பேசுகிறார்கள்! நோயாளி எதிரில் சொத்துக் கணக்குப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் இந்தச் செய்தியைத் தெரிந்து கொள்வது நல்லது.

பள்ளிக்கூடம் எதற்கு?

ஆறாவது பதில் வேறு பக்கம் திரும்புகிறது. இதுவரை "உயிர் இல்லை" என்றவர்களோடு வழக்கு. இப்போது "உயிர்தான் கடவுள்" என்பவர்களோடு வழக்கு.

நம் உயிரே எல்லாம் அறிந்த பரம்பொருள் என்றால், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? வாத்தியார் எதற்கு? அ, ஆ என்று சொல்லிக் கொடுத்த பிறகே தெரிகிறது. சொல்லிக் கொடுத்தும் மறந்து போகிறது. அறிவிக்க அறிவது உயிர். தானே எல்லாம் அறிவது கடவுள். இரண்டும் ஒன்று அல்ல என்கிறார் மெய்கண்டார். எழுத்தறிவு வகுப்புக்கு வயதான பிறகு போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று விளங்கும்.

ஏழாவது பதிலில் உடம்பை அவர் ஓர் இயந்திரம் என்றே குறிப்பிடுகிறார். கண், காது, மூச்சு, மனம் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குத்தான் உயிர் என்று பெயரா? அப்படி அல்ல. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. அவற்றுக்குள் வேறாக இருப்பதே உயிர்.

இதை எளிதில் விட்டுவிடாதவர்கள் பவுத்தர்கள். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற துறவி கேட்டதாக ஒரு பழைய கதை உண்டு. "நீ தேரில் வந்தாயே, தேர் என்பது எது? சக்கரமா? அச்சா? நுகத்தடியா? எதுவும் தனியே தேர் இல்லை. எல்லாம் சேர்ந்ததற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். 'நான்' என்பதும் அப்படியே" என்றார் நாகசேனர். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் 1739-ல் வெளிவந்த நூலில் ஏறக்குறைய இதையே எழுதினார். தமக்குள் எவ்வளவு தேடினாலும் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்ற உணர்ச்சிகள்தான் அகப்படுகின்றன. "நான்" என்ற ஒன்று அகப்படவே இல்லை என்றார்.

மெய்கண்டார் இதற்கும் ஐந்தாம் சூத்திரத்தில் வழி வைத்திருக்கிறார். கண் உலகத்தை எல்லாம் பார்க்கிறது. தன்னைப் பார்க்கிறதா? தனக்குப் பின்னால் நின்று பார்க்க வைக்கும் உயிரைத்தான் பார்க்கிறதா? பார்ப்பவன் பார்வைக்கு அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

அரசன் மகன் வேடன் ஆனான்

அந்த உயிருக்கு ஏன் தன்னைத் தெரியவில்லை? எட்டாம் சூத்திரத்தில் ஒரு கதை மறைந்து கிடக்கிறது.

ஓர் அரசனுடைய மகன் குழந்தையிலேயே வேடர் கையில் அகப்பட்டுக் கொள்கிறான். அவர்களோடு வளர்கிறான். அவர்கள் தின்பதைத் தின்கிறான். அவர்கள் பேசுவதைப் பேசுகிறான். தான் வேடன்தான் என்று முழுசாக நம்புகிறான். ஒருநாள் உண்மை தெரிந்தவர் வந்து, "நீ வேடன் இல்லை, அரசன் மகன்" என்கிறார். அவன் எழுந்து தகப்பனிடம் போகிறான்.

வேடர்கள் ஐந்து பேர். கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு என்ற ஐந்து புலன்கள். வந்து சொன்னவர் குரு.

உயிரைப் பளிங்குக்கும் ஒப்பிடுகிறார். பளிங்குக்கு நிறம் இல்லை. சிவப்புப் பூவின் பக்கத்தில் வைத்தால் சிவப்பு. நீலப் பூவின் பக்கத்தில் வைத்தால் நீலம். எதைச் சேர்ந்தாலும் அதுவாகவே தெரிவது உயிரின் குணம்.

இந்த விஷயத்தில் ஒரு ருசிகரமான சம்பவமும் சொல்கிறார்கள். மெய்கண்டார் சிறு வயதிலேயே பாடம் சொல்லத் தொடங்கினார். குலகுரு சகலாகம பண்டிதரின் மாணாக்கர்களே அவரிடம் போய் உட்கார்ந்தார்கள். பண்டிதருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏட்டில் கயிறு போட்டுப் பிறந்த பிள்ளை! தானே நேரில் போய் நின்றார். அன்று பாடம், உயிரை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றியது.

"ஆணவத்தின் வடிவம் என்ன?" என்று பண்டிதர் நின்றபடியே கேட்டார்.

பிள்ளை பேசவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தது. விரலை நீட்டி அவரையே சுட்டிக் காட்டியது!

பண்டிதர் காலில் விழுந்தார். தம் மாணாக்கர் வீட்டுப் பிள்ளைக்குத் தாமே மாணாக்கர் ஆனார். அருள்நந்தி சிவாசாரியார் என்று பெயர் பெற்றார். அவர் எழுதிய "சிவஞான சித்தியார்" நூலின் முதல் பகுதியில் உலகாயதர் தொடங்கி 14 கட்சிகளின் வாதங்களை வரிசையாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றாக மறுத்திருக்கிறார். மறுப்பதற்கு முன் எதிரியின் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடும் பெருந்தன்மை அந்த நூலில் உண்டு. மேடைப் பேச்சாளர்கள் படிக்க வேண்டிய நூல்.

சிவஞான போதத்தை யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் ஹாய்சிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854-ல் அமெரிக்காவில் அச்சாயிற்று. பிறகு 1895-ல் ஜே.எம்.நல்லசாமிப் பிள்ளையின் மொழிபெயர்ப்பு வந்தது.

ஒரு பெட்டி மது பந்தயம்

இப்போது "நான்" என்று சொல்ல இன்னொன்றும் வந்திருக்கிறது. அது கம்ப்யூட்டர்.

கேள்வி கேட்டால் கம்ப்யூட்டர் பதில் எழுதுகிறது. "நான் நினைக்கிறேன்" என்றே எழுதுகிறது. அமெரிக்காவில் 2022-ல் ஒரு பெரிய கம்பெனியின் என்ஜினீயர், தாம் பேசிப் பார்த்த இயந்திரத்துக்கு உணர்வு வந்துவிட்டது என்று சொன்னார். கம்பெனி அதை மறுத்தது. அவரை வேலையில் இருந்தும் நீக்கிவிட்டது. ஆறாவது பதிலை இங்கே வைத்துப் பார்த்தால் சங்கடம்தான். இயந்திரமும் சொல்லிக் கொடுத்தால் கற்றுக் கொள்கிறதே! கற்பது மட்டும் உயிருக்கு அடையாளம் ஆகுமா? கற்றதை "அறிந்தேன்" என்று உள்ளே உணர்கிற ஒருவர் வேண்டாமா? அப்படி ஒருவர் இருப்பதை வெளியில் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் புதிருக்கு "கடினமான பிரச்சினை" என்று பெயர் வைத்தவர் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை என்றைக்காவது முழுவதும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வேலை நடக்கும்போது வலி ஏன் வலிக்க வேண்டும், இனிப்பு ஏன் இனிக்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? அதுதான் கடினம் என்றார்.

கிறிஸ்டாப் காக் என்ற மூளை விஞ்ஞானி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "25 வருஷத்தில் கண்டுபிடித்து விடுவோம். உணர்வு உண்டாக்கும் நரம்பு அடையாளத்தை மூளையில் தொட்டுக் காட்டுவோம்" என்றார். 1998-ல் இருவரும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஒரு பெட்டி மது வாங்கித் தர வேண்டும்.

கெடு 2023 ஜூனில் முடிந்தது. நியூயார்க் நகரில் விஞ்ஞானிகள் கூட்டம் நடந்தது. தெளிவான விடை வரவில்லை என்று காக் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். சொன்னபடி மதுப்புட்டிகளைக் கொண்டு வந்து சால்மர்சிடம் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, இன்னொரு 25 வருஷத்துக்குப் பந்தயத்தைப் புதுப்பிக்கத் தயார் என்றார். அந்தக் கெடு முடிவது 2048-ல்.